ஆன்ரோடு விலை

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்க்கா?"
அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.
பைபாஸ் ரோட்டில் அந்தக் கண்ணாடிக் கடை,
உள்ளே ஏசி, வெளியே மே மாதம்.
ஏழாயிரம் என்று நான் வாய் திறந்ததும்
வண்டியின் விலை எங்கோ போய் ஒளிந்துகொண்டது.
அதற்கப்புறம் அதை
யாரும் முழுசாகச் சொல்லவில்லை.

பெயர் சோலைராஜ். இருபத்து நாலு இருக்கும்.
டை அவன் கழுத்தைப் பிடித்திருந்தது.
இஞ்சி டீ வரவழைத்தான்,
மகள் கையில் ஒரு சாவிக்கொத்தைத் தந்தான்.
சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டு
எப்படி எழுந்து வருவது?

வெள்ளை போதும் என்றோம்.
"வெள்ளை ஒன்னே ஒன்னுதான் நிக்குது.
அதுக்கும் மேலூர் பார்ட்டி ஒருத்தர்
பணத்தோட கிளம்பிட்டாரு."
போன் அடிக்க அடிக்க
மேலூர்க்காரர் நெருங்கிக்கொண்டிருந்தார்.
யானைமலை தாண்டிவிட்டார்.
மாட்டுத்தாவணியில் நெரிசலாம், கோரிப்பாளையத்தில் இல்லையாம்.
என் வீட்டுக்காரர் துளசிராமுக்கு
அந்த ஏசியிலும் வியர்த்தது.
அவர் காளவாசல் சிக்னலைத் தொடுமுன்
அட்வான்ஸ் கட்டிவிட்டோம்.

"மேனேஜர்கிட்ட பேசிப் பாக்குறேன்" என்று போனான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மேனேஜர் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.
இவன் நின்றான், போனைப் பார்த்தான், திரும்பி வந்தான்.
"சண்டை போட்டு வாங்கிட்டேங்க்கா."
கால்மிதி இலவசம்.

கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான்.
சின்ன எழுத்தையும் படிங்கண்ணே என்று
ஊராருக்கெல்லாம் சொல்கிறவள்.
பென்சிலில் பெருக்கல் குறி போட்ட பதினோரு இடத்திலும்
படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.
ஹேண்ட்லிங் சார்ஜ் நாலாயிரத்து ஐநூறு.
எதைக் கையாண்டார்கள் என்று
இன்றுவரை தெரியாது. எங்களைத்தானோ?

பாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம்.

நாலாம் வருஷம் எலி வயரைக் கடித்தது.
பழங்காநத்தத்து மெக்கானிக் மைதீன் பிச்சை
நீட்டித்த வாரண்டிப் பேப்பரை
எண்ணெய்க் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்:
"கெட்டுப்போகாத எல்லாத்துக்கும் வாரண்டி இருக்கும்மா."
கிளட்ச், பேட்டரி, ரேடியேட்டர், மறுபடி பேட்டரி.
ஷேர் ஆட்டோ இடித்த பின்கதவை
வெளியிலிருந்து திறக்கலாம், உள்ளிருந்து முடியாது.
மாமனாரை ராத்திரி இரண்டு மணிக்கு
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கதவு வழிதான்.
போன மாதம் பழைய ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
அதே வண்டியை இன்னொரு தடவை
வாங்கியிருக்கிறேன், உதிரியாக.

பதினாலாம் வருஷம் விற்கலாம் என்று சொல்லிவைத்தோம்.
புரோக்கர் வந்தார்.
முன்வழுக்கை, திறந்த காலர், டை இல்லை.
பானெட்டை விரல் மடக்கித் தட்டினார்,
பின்கதவில் ஒரு 'ச்ச்' கொட்டினார்.
"இந்த மாடல் இப்ப போகலக்கா.
அடுத்த வருஷம் எஃப்சி வேற, செலவு வச்சிரும்."
அந்த 'க்கா'வில்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

"சீக்கிரம் சொல்லு சோலைராஜு,
மேலூர் பார்ட்டி ஒருத்தர் கிளம்பிட்டாரு."

சிரிப்பான் என்று பார்த்தேன்.
கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அக்கா, அன்னைக்கு அவரு நெசமாவே வந்தாருக்கா.
நீங்க கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும்.
வெள்ளை எங்கடான்னு
எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாரு.
கடைசில செவப்புதான் எடுத்துட்டுப் போனாரு."

வண்டியைக் கொடுக்கவில்லை.
விலை படியவில்லை, வேறொன்றுமில்லை.

அவன் சொன்னது உண்மையோ,
விலை குறைக்க வைத்த பீடிகையோ.
ஆனால் ஒத்தக்கடை தாண்டும்போதெல்லாம்
எதிரே இதே மாடல் சிவப்பில் வந்தால்
வேகத்தைக் குறைத்து
ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன்.