பிறகு நினைவூட்டு

திங்கட்கிழமை காலை நான்தான் திறந்தேன்.
பூட்டில் ஒரு கீறல் இல்லை.
பர்மாத் தேக்குக் கதவு, முழங்கை நீளச் சாவி,
இரும்புப் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி,
எல்லாம் சனிக்கிழமை விட்டபடியே.
அறுநூற்றுப் பதினான்கு பொட்டலம் நகை.
இரண்டு முறை எண்ணினோம். ஒன்றும் குறையவில்லை.

கணினித் திரையில்தான்
கறுப்பின் மேல் சிவப்பாக ஆறு வரி இங்கிலீஷ்.
முதலாளி பெரியணனுக்கு நான் தமிழில் சொன்னேன்:
உங்கள் கணக்குகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன.
பத்திரமாவா, என்றார்.
பத்திரமாத்தான்.

பொட்டலத்தின் மேல் எண் மட்டும் இருக்கும்.
பெயர் எழுதினால் பாதுகாப்பில்லை என்று
மூன்று வருடம் முன்னால்
நாங்களே முடிவெடுத்தது.

ரீகன் மதுரையிலிருந்து பத்து மணி பஸ்ஸில் வந்தான்.
தேவகோட்டை வெயிலைத் திட்டிக்கொண்டே
யார் இந்த வழியைத் திறந்தது என்றான்.
ஆடிட்டர் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க
நான்தான் திறந்துவிட்டேன்.
மார்ச்சில் அவர் வேலை முடிந்தது.
வழி அப்படியே கிடந்தது.
கடவுச்சொல், கடையின் பெயர். பிறகு ஒன்று இரண்டு மூன்று.

இந்த வீட்டைக் கட்டியவர்கள்
முன்வாசலில் நின்றால் பின்தெரு தெரிய
நேர்கோட்டில் வாசல் வைத்தார்கள், காற்றுக்கு.
ராத்திரி ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போக
ஓர் ஆளையும் வைத்தார்கள்.

நகல் இருக்கா, என்றான்.
இருந்தது, பென் டிரைவில்.
பென் டிரைவ் கணினியிலேயே செருகியிருந்தது,
எங்காவது தொலைந்துவிடக் கூடாதே என்று.
ரீகன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

தினமும் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்.
ஓட்டையை அடைக்க வந்திருக்கிறேன் என்று
அதன் மொழியில் சொல்லும்.
வட்டி கட்ட ஆள் நிற்கும்.
பிறகு நினைவூட்டு, என்று அமுக்குவேன்.
அதுவும் சலிக்காமல் மறுநாள் வரும்.
எத்தனை நாளாக?
பொங்கலுக்கு முன்னாலிருந்து, என்றேன்.

செவ்வாய்க்கிழமை கல்லலிலிருந்து இருளாயி வந்தாள்.
வியாழன் மகளுக்குக் கல்யாணம்.
ரசீதை செல்போன் உறைக்குள் மடித்து வைத்திருந்தாள்.
பிளாஸ்டிக் எழுத்தைத் தின்று
வெறும் தாளைத் திருப்பித் தந்திருந்தது.
நாலு பவுன் சங்கிலி, என்றாள்.
கொக்கி ஓரத்துல ஒரு கண்ணி மட்டும் செம்புல பத்தவச்சது.

எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரைச் சாட்சிக்கு உட்கார வைத்து
ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.
இருநூற்று எழுபதில் இருந்தது, செம்புக் கண்ணியோடு.
முன்னூற்று ஒன்பதிலும் இருந்தது.

இரண்டையும் பார்த்தாள்.
என்னோடது எதுன்னு எனக்குத் தெரியும்.
உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலாளி தலையைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை அந்தப் பெண் கழுத்தில் கவரிங்.

அவர்கள் கேட்ட பணத்தைக் கட்டினோம்.
கணக்கில் பாதி திரும்பி வந்தது.
இருளாயி மீதிப் பாதியில் இருந்தாள்.

மாதக் கடைசியில் அவளே வந்து நின்றாள்,
வட்டிப் பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு.
எவ்வளவு என்று எந்தத் திரையிலும் இல்லை.
அவள் சொன்ன தொகையை
நோட்டில் பேனாவால் எழுதினேன்.
என்னை நம்பாமல்
மை காயும்வரை
விரலை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தபடி நின்றாள்.