மூன்றாம் வரிசை, ஐந்தாம் நட்சத்திரம்

காலை ஏழரைக்கே மார்லிஸ் ஹாரன் அடித்துவிட்டாள்.
வேனின் பின்னிருக்கையைக் கழற்றி
வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள்:
"துணி உட்கார இடம் வேண்டாமா?"
ஒன்றும் வாங்கப்போவதில்லை என்று
நால்வரும் சத்தியம் செய்து
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மே மாதம். சஸ்காட்செவன் சமவெளியில்
பனி உருகிய நீர் வயலுக்கு வயல் நிற்கிறது.
வாத்துகள் அதைக் குளமென்றே நம்பிவிட்டன.
ஒரிசியா மடியில் டப்பாவைத் திறந்து
கசகசா அடைத்த ரொட்டியை நீட்டுகிறாள்.
வெல்டா மட்டும் எதையும் தின்னவில்லை.
அவளுடைய குவில்ட் அங்கே தொங்குகிறது,
நேற்று மாலையிலிருந்து, தனியாக.

கர்லிங் அரங்கில் கண்காட்சி.
பனித்தளம் கரைந்து வெறும் சிமெண்டு;
குளிர் மட்டும் இன்னும் காலணிக்குள் ஏறுகிறது.
மார்ச்சில் யாரோ ஏழுக்கு நான்கென்று தோற்ற கணக்கைப்
பலகையிலிருந்து எவரும் இறக்கவில்லை.
அதன் கீழே நூற்று முப்பது போர்வைகள்,
யாரும் படுக்காத நூற்று முப்பது படுக்கைகள்
எழுந்து நிற்பது போல.

தொடாதீர்கள் என்று அட்டை.
தொடாமல் இருக்கத் தெரியாத கைகளைப்
பின்னால் கட்டிக்கொண்டு
தலைமையாசிரியர்கள் போலச் சுற்றுகிறோம்.
மறுபக்கம் பார்க்க
வெள்ளைக் கையுறைப் பெண்மணியைக் கேட்க வேண்டும்.
அவர் ஓரத்தை இரண்டு விரலால் புரட்டுகையில்
ஒரு நொடி தெரியும்
முடிச்சு, பிசிறு, அழியாத பென்சில் கோடு.

வெல்டாவுக்கு ரிப்பன் இல்லை.
நீலம் இல்லை, சிவப்பு இல்லை,
பார்வையாளர்கள் தருகிற அந்தச் சின்ன மஞ்சள்கூட இல்லை.
ஒன்றும் சொல்லாமல்
பக்கத்துப் போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்,
காதை மட்டும் இந்தப் பக்கம் விட்டு.
நாங்கள் மூவரும் முன்பின் அறியாதவர்களாகி
"அடடா, இந்த நீலத்தைப் பாருங்கள்" என்று
ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டோம்.
ஒரிசியாவுக்கு நடிப்பில் அளவு தெரியாது.
விலைக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டாள்.
கையுறைப் பெண்மணி நிஜமென்று குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஊதா மழைக்கோட்டுக்காரி வந்தாள்.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை நீட்டி
(தொடவில்லை, ஓரங்குலம் தள்ளி):
"மூன்றாம் வரிசை, ஐந்தாம் நட்சத்திரம்.
முனை வெட்டுப்பட்டிருக்கிறது."

அந்த நட்சத்திரம் என்னுடையது.
பிப்ரவரியில் வெல்டா தபால்பெட்டியருகே வழுக்கி விழுந்து
மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்த ஆறு வாரம்
அவள் சோபாவிலிருந்து சொல்லச் சொல்ல
நான் தைத்தேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
நாற்பதடி வண்டியைச் சந்துக்குள் திருப்புவேன்,
கால் அங்குலத் தையல் எனக்கு அடங்காது.
அவள் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

போர்வையை விலக்காமல் சுற்றி வந்தாள் வெல்டா.
"ஆமாம், நானும் பார்த்தேன்.
தைத்தவள் குடித்திருப்பாள்" என்றாள்.
சொல்லிக்கொண்டே
என் காலை நன்றாக மிதித்தாள்.

திரும்பும் வழியில் துணிக்கடை,
ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டிடம்.
பெட்டக அறைக்குள் நூல்கண்டுகள்;
அந்தத் தடித்த இரும்புக் கதவு
திறந்தே கிடக்கிறது.
மார்லிஸ் எட்டு மீட்டர் புள்ளிப் பருத்தியைத்
தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கிறாள்.
ஒரிசியா வீட்டில் சொல்லப்போகும் விலையை
ஒத்திகை பார்க்கிறாள்; ஒவ்வொரு முறையும் குறைகிறது.
சத்தியத்தை யாரும் நினைவூட்டவில்லை.

துண்டுக் கூடையில் அதே நீலம் ஒரு கைக்குட்டையளவு கிடந்தது.
"இதை வாங்கி அதைப் பிரித்துத் தைத்துவிடட்டுமா?"
வெல்டா என் கையிலிருந்து பிடுங்கிக்
கூடையிலேயே போட்டாள்.
"அட்டையில் என்ன எழுதியிருந்தது,
படிக்கவில்லையா நீ?"

திங்கட்கிழமை, ரயில் கடவையில்,
முப்பத்தொரு பிள்ளைகளோடு
பிரேக்கை அழுத்தியபோது
கட்டைவிரல் இன்னும் வலித்தது.