இடப்பக்கம் நகர்ந்த குன்று

டர்பனில் இன்று ஆறாம் கட்ட மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடுகிறது.
முப்பத்தேழு டிகிரிக் கதகதப்பில்
யாரோ ஒருவர் கொடுத்த வெள்ளணுக்கள்
இளஞ்சிவப்பு நீரில் கிடக்கின்றன.
பெயர் தெரியாது. குப்பியின் மேல்
நானூற்றுப் பதினேழு என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது.

அவற்றிடம் நான் இப்போது அனுப்புவது
இந்த ஊரை வாரிக்கொண்டு போன அதே கிருமியை.
அதே கிருமி என்றால் பாதிப் பொய்.
பெருகும் வழியை வெட்டியாயிற்று,
வாலை நறுக்கியாயிற்று,
மேலே மாட்டி விட்டது
மாட்டு நோய்க் கிருமி ஒன்றின் சட்டை.
உள்ளே சொந்தச் சரக்கு ஏதுமில்லை.
கொண்டை ஊசி போல மடங்கிய ஒரு வாசகம்,
இருபத்தோரு எழுத்து.

அது ஒரு கதவின் பெயர்.
முன்பெல்லாம் இந்தக் கிருமி
தட்டாமலே நுழைந்த கதவு.
மரபணுவை அது அழிக்காது;
ஏடு ஏடாகவே இருக்கும்.
படியெடுத்துக்கொண்டு ஓடும் சீட்டை மட்டும்
வழியில் மடக்கிக் கிழித்துப் போடும்.
கதவு செய்யச் சொன்ன சேதி
தச்சனிடம் போய்ச் சேராது.
திருடன் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம்
வாசலை அடைக்கும் உத்தரவை.

இதை நான் சொன்னபோது நொக்சோலோ சிரிக்கவில்லை.

அவள் பெயரின் நடுவே ஒரு சொடக்கு உண்டு.
வண்டிமாட்டை விரட்டக் கடைவாயில் எழுப்புவோமே,
அந்த ஒலி.
நம் இருநூற்று நாற்பத்தேழில் அதற்கு இடமில்லை.
'க்ச' என்று எழுதி ஒப்பேற்றுகிறேன்.
மூன்று மாதம் பழகியும் என் வாய்க்குப்
பத்துக்கு நாலு தடவைதான் வருகிறது.

"அம்மா போனப்போ எனக்கு ஒன்பது வயசு,"
குழாய்களை அடுக்கியபடி சொன்னாள்.
"சான்றிதழில் காசநோய் என்று போட்டார்கள்.
வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.
அடக்கத்துக்கு வந்த பாதிரியார் சொல்லவில்லை.
ரொட்டி சுட்டுக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி,
அவளுடைய மகனும் அதே மாதம்,
அவளும் சொல்லவில்லை."
பிப்பெட்டின் முனையைத் தட்டிக் கழற்றினாள்.
புது முனை. அடுத்த குழி.
புது முனை. அடுத்த குழி.

பக்கத்துத் தட்டுக்குப் போனது ஒப்பீட்டுக்கு.
அதே சட்டை, அதே இருபத்தோரு எழுத்து,
கலைத்துப் போட்டவை.
எந்தக் கதவின் பெயரும் இல்லை.
இந்த உளறல் இல்லாவிட்டால்
மௌனத்தை எதோடு வைத்து அளப்பது?

ஐந்தாம் நாள், லேசருக்கு முன்னால்
அணுக்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டோம்.
திரையில் ஒரு குன்று
மெல்ல இடப்பக்கம் நகர்ந்து நின்றது.
பேராசிரியர் படையாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எண்பத்திரண்டு சதவீதம். மோசமில்லை.
அந்தத் தோளை என்ன செய்யப் போகிறீர்கள்?"

குன்றின் வலச் சரிவில் சின்னதாக ஒரு மேடு.
நகர மாட்டேன் என்ற அணுக்கள்.
அவற்றில் கதவு அப்படியே இருக்கிறது.

மின்சாரம் வந்தது. ஜெனரேட்டர் அடங்கியபின்தான்
இவ்வளவு நேரமும் நாங்கள்
கத்திப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.
மிச்சக் கிருமியை அவள்
வெளுப்பு நீரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்,
எனக்கு முதுகு காட்டி.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
சொடக்கு வரவில்லை.
திரும்பிப் பார்த்தாள்.