பிழை

கவாய் தீவு. இரவு ஒன்பது மணி.
பள்ளி மைதானத்தில் சுவர்க்கோழிகளை எண்ண
நோஹேயாவும் இக்கேடாவும் வந்திருக்கிறார்கள்.
உயிரியல் வீட்டுப்பாடம்.
காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.
கடல்தான் கேட்டது.
"பூஜ்யம்னு போட்டுட்டுக் கிளம்பலாம்"
என்றான் இக்கேடா. போட்டும்விட்டான்.

அவள் டார்ச்சைத் தாழ்த்தினாள்.
புல் முழுக்கச் சுவர்க்கோழிகள்.
இறக்கையை இறக்கையோடு
உரசுகின்றன, உரசிக்கொண்டே இருக்கின்றன.
பல் உதிர்ந்த சீப்பு. சத்தமே இல்லை.

பாட்டுக் கேட்டுப் பெட்டை வருமுன்
ஓர் ஈ வந்துவிடும் இங்கே.
முதுகில் புழுக்களை இறக்கிவிட்டுப் போகும்.
அவை உள்ளே புகுந்து தின்னும்.
பாடியவன் பத்தே நாளில் வெறும் கூடு.

வாயை மூடுவோம் என்று
எவனும் முடிவெடுக்கவில்லை.
பயந்து கற்றுக்கொள்ளவுமில்லை.
எங்கோ ஒருவன்
வழவழப்பான இறக்கையோடு பிறந்தான்.
பிழைதான்.
பிழை பிழைத்தது.

"அப்பன் ஊமைன்னா மகனும் ஊமையா?"
"இல்ல. மகனுக்கு இது
அம்மாகிட்டருந்து மட்டும்தான்."
ஒருநாளும் பாடியிராதவள்,
தன் இறக்கையில் ஒரு கோடும் காட்டாமல்
அந்த மௌனத்தைச் சுமந்து வந்திருக்கிறாள்.
பாதி மகன்களுக்கு அது போய்ச் சேரும்.
எந்தப் பாதி, அவளுக்கே தெரியாது.

அப்போது குழாயடியில்
ஒற்றைக் குரல்.
ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.
பாடுகிறவனைச் சுற்றி ஏழெட்டு ஊமைகள்,
அவனைத் தேடி வருபவளை
வழியிலேயே மறிக்க.

இக்கேடா பூஜ்யத்தை அடித்தான்.
நாற்பத்து மூன்று என்று எழுதினான்.
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
ஒன்று பாடுகிறது.
ஈயும் கேட்டுக்கொண்டிருக்கும்.