காலை எடுத்தால்

சனிக்கிழமை மதியம் அல்சிதெஸ்
கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டுவந்து
நான் ரொட்டி வெட்டும் பலகைமேல் வைத்தான்.
அடிப்பிடித்த பால்போல ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினான்.
"மெக்கானிக் மூவாயிரம் கேட்பான்,
புது கேஸ்கெட் நூற்றெண்பதுதான், மிர்த்தா."

இருட்டுவதற்குள் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது,
ஒரு ஸ்க்ரூவைத் தவிர.

சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொண்டது பழைய பியட்.
கைதட்டினேன், பொய்யில்லை.
ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கும்வரை சிங்கம்.
காலை எடுத்தால்
ஒரு குலுக்கல், ஒரு விக்கல்,
அப்புறம் பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் கேட்கும்.

நான் ஓட்ட, அவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார,
தெருவை ஒரு சுற்று வந்தோம்.
நாலு முனையிலும் நாலு தடவை செத்தது.
"பிரேக் மிதி கட்டையா இருக்கு" என்றேன்.
"குளிர்" என்றான்.
ஜூலை மாதம். சரந்தி கிராந்தேயில் குளிர்தான்.
நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு முழுக்க
அவன் சந்தேகப்படாதது என்னை மட்டும்தான்.
பிளக்குகளைத் துடைத்தான்.
ஃபில்டரை வாயால் ஊதி, பெட்ரோலைத் துப்பினான்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வெயிலில் காயவைத்தான்,
வெயிலே இல்லை.
எதிர்வீட்டு ஒமார் மாத்தே குவளையோடு வந்து
"டைமிங்" என்றார்.
உறிஞ்சினார்.
"இல்லேன்னா தண்ணி கலந்திருக்கும்."
மிச்ச ஸ்க்ரூவோ
எஞ்சினின் எந்த ஓட்டையிலும் உட்கார மறுத்தது.
(அது ரொட்டிப் பலகைக் கைப்பிடியுடையது என்று
எனக்கு ராத்திரிதான் தெரிந்தது.)

விடிகாலை நாலு மணிக்கு எனக்குப் பால் கறக்க வேண்டும்.
பண்ணை பதினெட்டு கிலோமீட்டர்.
மடி கனத்த நூற்றிருபது மாடுகளிடம்
கேஸ்கெட் பற்றி என்ன சொல்வது?

"டார்ச்சைப் பிடி, அசைக்காதே."
அசைத்தேன். விழுந்தது.
எஞ்சினுக்குப் பின்னால், சூட்டுக்கும் சுவருக்கும் நடுவே
கையை விட்டுத் துழாவினேன்.
ஏதோ ஒரு சின்னக் குழல்வாய்
விரலைப் பிடித்து இழுத்தது.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.
பிறந்து மூன்று நாளான கன்றுக்கு
வாளியில் குடிக்கப் பழக்க
முதலில் விரலைத்தான் கொடுப்போம்.
சொரசொர நாக்கு, எலும்புவரை எட்டும் பசி.
இதற்கு நாக்கில்லை.
பசி அதேதான்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஒமார் காலை எடுத்தார்.
எஞ்சின் சாகவில்லை.

அதே நொடியில் அல்சிதெஸ்
ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பியிருந்தான்.
"பார்த்தியா! கால் சுற்று! வெறும் கால் சுற்று!"
கிரீஸ் அப்பிய நெற்றிக்குக் கீழே
பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன் நின்றான்.
ஒமார் ஹாரன் அடித்தார்.

என் விரல்நுனி உள்ளே மரத்துக்கொண்டிருந்தது.
அப்படியே நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன்.

பிறகு எடுத்தேன்.
செத்தது.

மறுபடி சாவி.
வைத்தேன், ஓடியது.
எடுத்தேன், செத்தது.
மூன்றாம் தடவை
அவன் ஸ்க்ரூவை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தான்.

இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தது
பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய்,
அவனே கழற்றி, அவனே மறந்தது.
"குளிர்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
கிளாம்பைத் தேவைக்குமேல் முறுக்கினான்.
ராத்திரி, வாய் நிறைய சூப்போடு இருக்கும்போதுதான்
சிரிப்பு வந்து மேசையெல்லாம் நனைத்தான்.

திங்கள், மூன்றரை மணி.
கண்ணாடியில் படிந்த உறைபனியை
கேஸ்கெட் வந்த அட்டையால் சுரண்டினேன்.
ரயில் கேட் மூடியிருந்தது.
பிரேக் மெத்தென்று இறங்கியது.
காலை எடுத்தேன்.

மரம் ஏற்றிய பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
முப்பத்தொன்று வரைக்கும்.