முதலியன

இரண்டாம் அலகின் கடைசி வரியில்
பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல்.
கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு முதலியன.
எழுதியவர் ஓய்வு பெற்று
தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்.
உள்ளே எத்தனை பேரை வைத்துப் பூட்டினார் என்று
அவருக்காவது தெரிந்திருக்கும்.

போன நவம்பரில் கேள்வித்தாள் கட்டைப் பிரித்தால்
பதினேழாவது கேள்வி: இசைச் சராசரி காண்க.
பத்து மதிப்பெண்.
மூன்றாம் வரிசையில் உலகம்மாள்
பேனாவை மூடிவைத்துவிட்டு
ஜன்னல் வழியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாற்பது வேண்டும். முப்பத்தாறு வந்தது.

"சிலபஸ்ல இல்லல்லா மேடம்?"
"முதலியனன்னு போட்டிருக்கே, உலகம்மா."
"அதுக்குள்ள ஊர்ப்பட்டது வருமே மேடம்."
கோபமில்லை அவளுக்கு.
கண்டக்டரிடம் மிச்சச் சில்லறை கேட்பதுபோல்
கேட்டுவிட்டு, முக்கூடல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை பாடத்திட்டக் குழு.
எனக்கு அடுத்த வருஷம் இங்கே வேலை உண்டா தெரியாது;
கௌரவ விரிவுரையாளர் என்பதில்
முதல் சொல்லுக்கு மட்டும் சம்பளம் இல்லை.
இருந்தும் வண்ணார்பேட்டை மாடியறையில்
ராத்திரி பதினொன்றுக்கு
பென்சிலும் காலண்டருமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மேலே அறுபது மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்.
ஆனித் தேருக்கு ஒரு நாள். ஆடி அமாவாசை.
ஆவணி முகூர்த்தங்களில் பந்தி பரிமாறப் போகும்
பின்வரிசைப் பையன்கள்.
தசராவுக்கு மாலை போட்டவர்கள் குலசைக்கு.
ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் ஏறினால்
காலை ஆறு மணிக்கு கலெக்டர் அறிவிப்பு.
மீதி நாற்பத்தொன்பது.

அந்த நாற்பத்தொன்பதில்
நாலு மணி நேரம் புள்ளியியலின் வரையறைகள்,
யார் யார் எப்படிச் சொன்னார்கள் என்று.
ஒன்றாக்கினேன்.
மிஞ்சிய மூன்றில் இசைச் சராசரிக்கு ஒரு நாற்காலி போட்டேன்,
பெருக்குச் சராசரிக்கு இன்னொன்று.
முதலியனவை அடித்தேன்.
தாள் கிழிந்துவிட்டது கொஞ்சம்.

'மாணவர் புரிந்துகொள்வர்' என்று எழுதச் சொல்கிறது படிவம்.
புரிந்ததை யார் பார்த்தது?
இப்படி எழுதினேன்:
போகும்போது நாற்பது, வரும்போது இருபது என ஓடும்
முக்கூடல் பஸ்ஸின் சராசரி வேகம்
முப்பது இல்லை என்பதைக்
கணக்குப் போட்டுக் காட்டுவர்.

கூட்டத்தில் லீதியாள் மேடம் கண்ணாடியை இறக்கினார்.
"பஸ் வேண்டாமே."
நாகர்கோவிலிலிருந்து வந்த நிபுணர்
"எந்த ரூட்டும்மா, இருபதுலயா வருது?" என்று சிரித்தார்.
பஸ்ஸை எடுத்தார்கள்.
நாற்காலிகள் இரண்டும் இருக்கின்றன.
முதலியன போய்விட்டது,
நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாமல்.

கையெழுத்துப் போடும்போதுதான்
அடிக்குறிப்பு கண்ணில் பட்டது:
புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும்.
அரியர் எழுதுவோருக்குப் பழைய பாடத்திட்டமே தொடரும்.

சனிக்கிழமை. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை.
உலகம்மாள் அங்கேதான் பகுதி நேரமாக நிற்கிறாள்.
மிஷின் சூட்டில் முகம் வேர்த்திருக்கிறது.
பழைய பாடத்திட்டத்தைத் திருப்பிப்போட்டு
கல்லாமேசை மேலேயே கணக்கைப் போட்டோம்.
இருபத்தாறு புள்ளி ஆறு ஆறு ஆறு ஆறு.
"எங்க மேடம் நிறுத்தணும்?"
"ரெண்டு இடத்தோட. கடைசி ஆறை ஏழாக்கிரு."
"இதையும் எங்கயும் போடலைல்லா?"
போடவில்லை.

இன்னும் என்னவெல்லாம் வரலாம் என்று
ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன்.
பெருக்குச் சராசரி, நிறையிட்ட சராசரி,
கால்மானங்கள், பதின்மானங்கள்,
பிறகு கை தன்போக்கில் 'மு' போட்டது.

அவள் என் கையைப் பார்த்தாள்.
யாரோ ஆதார் நகல் கேட்டு வந்தார்கள்.
"ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?
தெளிவாச் சொல்லுங்க" என்றாள்.