எட்டுக்கண் விட்டெறிகிறவள்

கோரையாற்றில் எங்கள் மதகுக்கு எட்டுக் கண்.
திறப்பதும் மூடுவதும் நான்.
எட்டுக்கண் விட்டெறிகிற உத்தியோகமாச்சே என்பார்
டீக்கடை செங்குட்டுவன்
மீதிச் சில்லறையைத் தராமலே.

கோளாறு என்னுடைய இரண்டில்.
அளவுக்கம்பில் நாலடி என்றால்
எனக்கு அது நாலடியும், பக்கத்தில் அதன் பேயும்,
பேய்க்குப் பின்னால் இன்னொன்றும்.
புரட்டாசியில் ஒரு நாள் நாலரை என்று எழுதிவிட்டேன்.
கடைமடையிலிருந்து போன்:
‘நோட்டுல இருக்குற தண்ணி வயலுக்கு எப்பம்மா வரும்?’

கருவிழி கூம்பிவிட்டதாம்.
கண்ணாடி போட்டுப் பிரயோசனமில்லை,
உங்கள் கண்ணுக்கென்றே வார்த்த லென்ஸ் வேண்டும் என்றார்கள்
தஞ்சாவூரில்.
கூட்டுறவு சங்கத்தில் செயின் போய் உட்கார்ந்தது.
பஸ் வடுவூர் ஏரியைத் தாண்டும்போதெல்லாம்
ஒரு பறவை எனக்கு மூன்றாகப் பறந்தது.

பார்த்தவள் ஜுலைகா, கூத்தாநல்லூர்.
பேச்சு வேகம், விரல் நிதானம்.

முதல் லென்ஸ் தட்டை.
வைக்கோல் போரில் ஏறிய சேவல் மாதிரி
உச்சியில் நின்று தத்தளித்தது.
ஒரு இமைப்பு. கன்னத்தில் கிடந்தது.

அடுத்தது வலிக்கவே இல்லை.
சுவரில் கடைசி வரிவரை வாசித்தேன்,
கீழே அச்சகத்தின் பேர் வரைக்கும்.
இதுவே போதும் தாயி, பில் போடு என்றேன்.
அவள் அரைமணி நேரம் உட்காரச் சொன்னாள்.
பிறகு மஞ்சள் சாயம், நீல விளக்கு.
‘உள்ள போன தண்ணி வெளிய வரல.
கழட்டுங்க.’

நல்லாத் தெரியுதே என்று கெஞ்சினேன்.
‘இன்னிக்குத் தெரியும்.’
அதற்குமேல் அவள் விளக்கவில்லை.
வடிகால் அடைத்த நடவு
மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பதை
என்னிடமா சொல்ல வேண்டும்.

மூன்றாவதில் ஓரம் உறுத்தல்.
நாலாவது வந்த பெட்டியில் வேறு யாருடைய கண்ணோ.
அதற்கு ஒரு நாள் சம்பளமும் போக வரப் பஸ்ஸும்.

மேட்டூர் மூடப் பத்து நாள் இருக்கையில் ஐந்தாவது.
நீல வெளிச்சத்தில் அவள் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கைபேசியில் படம் பிடித்துக் காட்டினாள்:
நாற்றங்கால் பச்சையில் மெல்லிய ஒரு தண்ணீர்,
அதன்மேல் லென்ஸ் மிதக்கிறது.
இமைத்தால் ஒரு நூல் நகர்கிறது,
திரும்பி வருகிறது.
‘இதைப் போய் ஆத்துத் தண்ணில கழுவிடாதீங்கக்கா.’
ஆற்றுக்காரியிடம் சொல்கிறாள்.

மறுநாள் காலை மதகில் நின்றேன்.
மூன்றடி எட்டங்குலம். ஒன்றே ஒன்று.
கம்பின் சிவப்பு உரிந்திருப்பதும் தெரிந்தது,
பழைய பக்கங்களில் என் கையெழுத்து
கோட்டைவிட்டு ஏறி இறங்கியிருப்பதும்.

குனிந்து பார்த்தேன்.
‘மூடியது’ என்று மூன்று மாதமாக நான் எழுதிவந்த
ஆறாம் கண்ணின் அடியில்
விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.
அந்த ஒழுக்கில் யாரோ
பாயளவு மண்ணில் கீரை போட்டிருந்தார்கள்.
தண்டு சிவந்து நின்றது.

நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கடித்தேன்.
எழுதுவதா.

இமைத்தேன்.
லென்ஸ் ஒரு நூல் நகர்ந்து
திரும்பி வந்தது.